1935இன் வாரிசா நம் சாசனம்?

இந்திய அரசியலமைப்புச் சட்டம் வெள்ளையர் விட்டுச்சென்ற சட்டத்தின் மறுபதிப்புதான் என்ற பேச்சு சில ஆண்டுகளாகக் கருத்தரங்க மேடைகளிலும் ஆங்கிலப் புத்தகங்களிலும் எடுபட்டு வருகிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையும் 1950இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தையும் அருகருகே வைத்து, வாசகம் ஒத்துப்போகும் இடங்களை எண்ணி, காலனியச் சாசனம் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பண்டைய மரபுக்குத் திரும்பச் சொல்பவர்களுக்கும் இது கைகொடுக்கிறது. அரசு என்பதே ஒடுக்குமுறை என்று நம்பும் தீவிரர்களுக்கும் கைகொடுக்கிறது. குற்றச்சாட்டோ பழையது. அரசியல் நிர்ணய சபையிலேயே கே. அனுமந்தையா, வீணையும் சிதாரும் கேட்க விரும்பியவர்களுக்கு ஆங்கிலேய பேண்டு வாத்தியம் கிடைத்ததே என்று வருந்தினார். 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்த அம்பேத்கர் இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தார்: அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு எவரும் காப்புரிமை கொண்டாட முடியாது, 1935 சட்டத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்கள்.

எண்ணிக்கை வாதத்தின் அடிப்படைக் கோளாறு, எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே எடை தருவது. 1935 சட்டத்தில் அடிப்படை உரிமைகள் கிடையா. சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு. அந்த வாக்கும் மதவாரியாகப் பிரிக்கப்பட்டது. 1950இன் சாசனம் தீண்டாமையை ஒழித்தது, வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்களித்தது. 1951–52 தேர்தலின் வாக்காளர் பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். லண்டனுக்குப் பதில் சொல்லும் வைஸ்ராயின் கீழ் இயங்கும் ஒரு பிரிவும், இந்த 17 கோடி பேரிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய அமைச்சரவையின் கீழ் இயங்கும் அதே பிரிவும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், ஒன்றல்ல.

சாசனத்தை ஆராயும் துறையின் தொடக்கக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசியலமைப்பு அறிஞர் கே.சி. வேர் இந்தியாவை அரைகுறைக் கூட்டாட்சி என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்தார். பிரிட்டன் சட்ட அறிஞர் ஐவர் ஜென்னிங்ஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் 1953இல் நூலாயின. சாசனம் மிக நீளம், மிக இறுக்கம் என்பது அவர் முடிவு. அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் சோல்பரி சாசனத்துக்கு அடித்தளமான வரைவில் டி.எஸ். சேனாநாயக்கவுக்கு ஆலோசனை சொன்னவர் அவர். உரிமைப் பட்டியல் இல்லாத, கச்சிதமான சாசனம் அது. சிறுபான்மையினருக்கு அதிலிருந்த முதன்மைக் காப்பான 29ஆவது பிரிவு, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோதும், 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோதும் எதையும் தடுக்கவில்லை. 1972இல் அந்தச் சாசனமே போயிற்று. நீளம் என்று ஜென்னிங்ஸ் குறைகூறியது, நம்பிக்கையற்ற சமூகப் பிரிவுகள் ஒன்றிடம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்ட உத்தரவாதங்களின் நீளம்.

பத்திரிகையாளரும் நிர்ணய சபை உறுப்பினருமான பி. சிவராவ் 1960களின் பிற்பகுதியில் ஐந்து தொகுதிகளாக ஆவணங்களைத் திரட்டித் தந்தார். பின்னால் வந்த அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். கிரான்வில் ஆஸ்டினின் 1966ஆம் ஆண்டு நூல் தேச ஒற்றுமை, சமூகப் புரட்சி, ஜனநாயகம் மூன்றையும் இலக்காகக் கொண்டதாகச் சாசனத்தைக் கண்டது. அது அருமையான நூல், ஆனால் தலைவர்களிடம் மிகுந்த பணிவு காட்டும் நூல். அதன்பின் நேர்ந்ததுதான் வருத்தத்துக்குரியது. அரசியல் அறிவியலாளர் ரஜனி கோத்தாரியின் தலைமுறை கட்சி, சாதி, தேர்தல் என்று திரும்பி அங்கே பெரும் சாதனைகள் செய்தது. சாசனத்தை மட்டும் வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை நிறுவிய பிறகு, சாசன ஆய்வு என்றாலே உச்ச நீதிமன்றத் தீர்ப்புரை என்றாகிவிட்டது. உபேந்திர பக்‌ஷி போன்றோர் அந்த நீதிமன்றத்தையே அரசியல் நிறுவனமாக எடுத்துக் கூர்மையாக விசாரித்தார்கள், அவர்கள் விதிவிலக்குகள். கல்லூரிகளிலோ அரசியல் கோட்பாடு பிளேட்டோவில் தொடங்கி ரால்ஸில் முடிந்தது. இந்திய அரசியலமைப்பு பிரிவு எண்களை மனப்பாடம் செய்யும் தனித்தாளாகச் சுருங்கியது. இந்த நாட்டின் மிகப் பெரிய அரசியல் சிந்தனை முயற்சி கோட்பாட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

2018இல் இந்தத் தேக்கம் உடைந்தது. வரலாற்றாசிரியர் ஓர்னித் ஷானியின் ஆய்வு, சாசனம் நிறைவேறும் முன்பே வயதுவந்தோர் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கியதையும், அகதிகளும் சாதாரணக் குடிமக்களும் மனுமேல் மனுப்போட்டு அதைத் திருத்தியதையும் காட்டியது. ரோஹித் டே அடித்தட்டு மனுதாரர்களைத் தேடிப்போனார்: சந்தை உரிமம் தொடர்பாக வழக்காடிய ஜலாலாபாத் காய்கறி வியாபாரி, பசுவதைத் தடைச் சட்டங்களை எதிர்த்த இறைச்சிக் கடைக்காரர்கள், தன் தொழிலைச் செய்யும் உரிமை கேட்டு அலகாபாத் நீதிமன்றம் ஏறிய பாலியல் தொழிலாளி. மது விலக்கையும் விலைக் கட்டுப்பாட்டையும் சாசனத்தைக் காட்டித் தட்டிக்கேட்டவர்கள் அந்நியப் புத்தகத்தைப் புரட்டியவர்களாகத் தெரியவில்லை. காலனிய மறுபதிப்பு வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை: 1950க்குப் பின் குடிமக்கள் இதை வைத்து என்ன செய்தார்கள் என்பதே அதன் இயல்பைச் சொல்கிறது. இதற்குப் பின் வந்த மாதவ் கோஸ்லாவின் 2020ஆம் ஆண்டு நூல், சாசனத்தை நிறுவிய தலைவர்களின் சிந்தனையை நுணுக்கமாகத் தொகுத்தாலும், நம்மை மறுபடி ஆஸ்டினின் மேல்மாடிக்கே கொண்டுபோகிறது.

ஆனால் ரோஹித் டேயின் வழியிலும் ஒரு குறை உண்டு. சாசனத்தைப் பயன்படுத்தியவர்களாகத் தனிமனிதர்களே அதில் தெரிகிறார்கள், மாநிலங்கள் தெரியவில்லை. மாநிலங்களும் அதை எடுத்து ஆண்டன, அதைப் பற்றிச் சிந்தித்தன. அந்தச் சிந்தனையின் முதன்மை ஆவணம் 1971இல் வெளிவந்த ராஜமன்னார் குழு அறிக்கை. ரால்ஸின் நீதிக் கோட்பாடு வெளியானதும் அதே ஆண்டுதான். எது பாடமானது, எது அலமாரியில் தங்கியது என்பது தெரிந்த கதை. 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த அந்தக் குழுவின் தலைவர் பி.வி. ராஜமன்னார் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி, நான்காவது நிதிக் குழுவின் தலைவராக இருந்து மத்திய அரசின் நிதிப் பங்கீட்டை உள்ளிருந்து பார்த்தவர். ஏ. லட்சுமணசாமி முதலியாரும் பி. சந்திரா ரெட்டியும் உடனிருந்தார்கள். எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கு வர வேண்டும், முதல்வர்கள் அடங்கிய மாநிலங்களிடை மன்றம் உடனே வேண்டும், மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது பிரிவு போக வேண்டும் என்றது அறிக்கை. 1974 ஏப்ரலில் சட்டப்பேரவை அதன் அடிப்படையில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 ஜனவரி 31 அன்று குழுவை அமைத்த அந்த மாநில ஆட்சியே 356ஆவது பிரிவால் கலைக்கப்பட்டது.

356 காலனியச் சொத்துதானே, அது மறுபதிப்பு வாதத்துக்கு ஆதரவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், 1935 சட்டத்தின் 93ஆவது பிரிவிலிருந்து வந்தது அது. 1939இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகியபோது ஆளுநர்கள் ஆட்சியை எடுத்துக்கொண்டதும் அந்தப் பிரிவால்தான். தடுப்புக் காவலும் அவசரச் சட்டமும் அப்படி வந்தவையே. ஆனால் தேர்வாணையமும் தணிக்கை அதிகாரியும்கூட அதே வழியில் வந்தவை. அவற்றை ஒழிக்க எவரும் கோரவில்லை. பிறப்பிடத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. ராஜமன்னார் குழு அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்ததால், நீக்க வேண்டியதையும் வைத்துக்கொள்ள வேண்டியதையும் அதனால் பிரித்துச் சொல்ல முடிந்தது.

அந்த அறிக்கை மாநிலத்தை ஆண்ட ஒரு கட்சியின் பேரப் பத்திரம், கோட்பாடு ஆகாது என்பார்கள். அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் நியூயார்க்கில் புதிய சாசனத்துக்கு ஒப்புதல் திரட்ட எழுதிய பிரசாரம். அதைக் கோட்பாடாகப் படிப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. இன்னும் கனமான ஆட்சேபம் அம்பேத்கரிடமிருந்து எழுகிறது. 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்', உள்ளூர்ப் பெரும்பான்மையின் கையில் ஒடுக்கப்பட்டோர் சிக்கிவிடாதபடி காப்புகளைச் சாசனத்திலேயே எழுதிவிடக் கோரியது. டெல்லியிலிருந்து மீட்ட அதிகாரம் மாநிலத்துக்குள் எந்தச் சாதியின் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு ராஜமன்னார் குழுவின் பணிவரம்பில் இடமிருக்கவில்லை. இந்த ஆட்சேபத்துக்கு எளிய விடை கிடையாது. ஆனால் அறிக்கையை ஒதுக்க இது காரணமாகாது. இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துப் படிக்கவே காரணமாகிறது. சிறுபான்மையினரின் காப்புக்கு வலுவான மத்திய அரசு வேண்டும் என்ற வாதமும், வலுவான மத்திய அரசே மாநில மக்களின் வாக்கைச் செல்லாததாக்கும் என்ற வாதமும் நேருக்கு நேர் மோதுவது அங்கேதான். சட்டப்பேரவைக் குறிப்புகளிலும், நிதிக் குழுக்களுக்கு மாநிலங்கள் எழுதிய மனுக்களிலும், உயர் நீதிமன்ற வழக்குகளிலும் அந்த மோதல் பல மொழிகளில் பதிவாகியிருக்கிறது. இந்திய அரசியல் கோட்பாட்டின் அடுத்த பெரிய நூல் அந்தக் காகிதங்களிலிருந்து எழுதப்பட வேண்டியது.