பன்னிரண்டு வெள்ளிப் படம்

2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமாகிய சூப்பர் பௌல் ஒளிபரப்பின் இடையே 30 நொடி விளம்பரப் படம் ஒன்று வந்தது. அதனை எடுத்தோர் வட கரோலினா மாநிலத்து இளைஞர் சிலர். எடுத்த செலவு ஏறத்தாழ 12 அமெரிக்க வெள்ளி. அந்த 30 நொடியை ஒளிபரப்ப அவ்வாண்டில் வழங்கிய விலையோ 25 இலட்சம் வெள்ளி அளவினது. செலவுக்கும் விலைக்கும் இடையே இத்துணைப் பெரிய பள்ளம் இருந்தும், கண்டவர் கண்ணுக்கு அப்படம் பெருநிறுவனப் படங்களுக்கு நடுவே ஏழையாய்த் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டோரிட்டோஸ் என்பது மக்காச்சோள வறுவல் ஒன்றின் வாணிகப் பெயர். அதனை விற்கும் பிரிட்டோ-லே நிறுவனம், வாங்கி உண்பவரே விளம்பரமும் எடுக்கலாம் என்று 2006-இல் ஒரு போட்டியை அறிவித்தது. 2016 வரை அது நடந்தது. இடையில் நின்று, 2025-ஆம் ஆண்டின் ஆட்டத்திற்கு மீண்டும் உயிர்பெற்றது. பயனீட்டாளர் எடுக்கும் விளம்பரம் என்னும் வகைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்று கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் இத்தொழிலில் இறங்கிவிட்டனர். ஆதலின் அப்போட்டிப் படங்களை மீண்டும் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

முதற்கண் அந்தப் பன்னிரண்டு வெள்ளிப் படம். ஓர் இளைஞன் வறுவல் கொறித்தபடி வண்டி ஓட்டுகிறான். நடைபாதையில் ஒருத்தி, அவள் கையிலும் அதே வறுவல். அவன் பார்க்கிறான், அவளும் பார்க்கிறாள். வறுவலின் பண்புகளைக் கூறும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரையில் எழுகின்றன. மொறுமொறுப்பு என்னும் சொல்லோடு வண்டி மோதுகிறது. கதை இவ்வளவே. ஆயினும் இதில் திரைக்கலையின் முதற்பாடம் இருக்கிறது. பார்ப்பவனை ஒரு காட்சியிலும் பார்க்கப்படுபவளை மறு காட்சியிலும் வைத்து, இரண்டையும் வெட்டி ஒட்டினால், நடுவில் இல்லாத ஒன்று காண்பவர் நெஞ்சில் பிறக்கிறது. அதற்குப் பணம் வேண்டா. வண்டி ஒன்றை மோதி நொறுக்கப் பன்னிரண்டு வெள்ளி போதாது. ஓசையும் வெட்டும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. குறை எது எனின், திரையில் எழும் அச்சொற்களே. முகம் சொல்லவேண்டியதை எழுத்து சொல்லிவிடுகிறது. சொற்களை நீக்கிப் பார்த்தாலும் படம் பெரும்பாலும் விளங்கும். எடுத்தவர்க்குத் தம் காட்சியின்மேல் அந்த நம்பிக்கை வரவில்லை போலும்.

2009-இல் இந்தியானா மாநிலத்துச் சகோதரர் இருவர் எடுத்த படம் இதனினும் புகழ் பெற்றது. அலுவலகத்தில் ஒருவன் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கையில் ஏந்திக் குறி கேட்கிறான்: இன்று யாவர்க்கும் வறுவல் இலவசமாய்க் கிடைக்குமா? கேட்ட மறுகணம் உருண்டையை வீசிப் பண்டம் விற்கும் இயந்திரத்தின் கண்ணாடியை உடைக்கிறான். குறி பலித்தது! அடுத்தவன் தன் பதவி உயர்வைப் பற்றிக் கேட்டு வீசுகிறான். உருண்டை மேலதிகாரியின் மேல், படக்கூடாத இடத்தில் போய்ப் படுகிறது. யூ.எஸ்.ஏ. டுடே நாளிதழ் நடத்தும் பார்வையாளர் கணிப்பில் இப்படமே அவ்வாண்டு முதலிடம் பெற்றது. பல ஆண்டுகளாய் அவ்விடத்தை விடாது பிடித்திருந்த பீர் நிறுவனம் கீழிறங்கிற்று. சகோதரர்க்குக் கிடைத்த பரிசு பத்து இலட்சம் வெள்ளி.

முதலிடம் பெற்றது என்பதனால் முழுதும் நல்ல படம் ஆகிவிடாது. நகை தோன்றும் நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். அவற்றுள் பேதைமையும் ஒன்று, எள்ளலும் ஒன்று. இயந்திரத்தை உடைக்கும் முற்பகுதி பேதைமையில் பிறந்த நகை. அஃது அவ்வலுவலகத்தின் வெறுமையையும், அங்கு உழல்வோரின் சிறு ஆசையையும் ஒருசேரக் காட்டுகிறது. பிற்பகுதி பிறர் நோவில் பிறந்த எள்ளல். எந்த இடத்திலும் எவர்மேலும் ஏவத்தக்கது. முற்பகுதிக்கு அந்த அலுவலகம் வேண்டும். பிற்பகுதிக்கு எந்த இடமும் வேண்டியதில்லை. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இன்றி நிற்கும் நிகழ்ச்சியில் படச்சுவை ஊறுவதில்லை. சிரிப்பு மட்டும் வந்து போகிறது.

இவ்வளவு கூறியபின், 2014-ஆம் ஆண்டு அரிசோனாவிலிருந்து வந்த ‘காலப்பொறி’ப் படத்தை முதன்மையாய் வைப்பதில் தடை ஏதும் இல்லை. ஒரு சிறுவன் அட்டைப் பெட்டி ஒன்றைக் காலப்பொறி என்கிறான். வறுவல் போட்டால்தான் அது ஓடுமாம். வழியே போன பெரியவர் ஒருவர் வறுவலைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைகிறார். பெட்டி குலுங்குகிறது. வெளியே வந்தவர் எதிரில் கிழவர் ஒருவர் நிற்கக் கண்டு, அச்சிறுவனே முதுமை அடைந்துவிட்டான் என்று வியந்துபோகிறார். இப்படத்திற்கு ஆன செலவு சில நூறு வெள்ளி. அவ்வாண்டில் 30 நொடி ஒளிபரப்பின் விலை 40 இலட்சம் வெள்ளி அளவு. இதன் சிறப்பு எங்கே உள்ளது? பெட்டி அட்டையாய் இருப்பதிலே உள்ளது. பெருநிறுவனம் ஒன்று இதனையே எடுத்திருப்பின், விளக்குகள் மின்னும் பொறி ஒன்றைச் செய்து வைத்திருக்கும். கதை அன்றே செத்திருக்கும். கையில் பணம் இல்லாமை இங்கே மறைக்கப்படவில்லை. அதுவே கதைப்பொருளாய் நிற்கிறது. மெய்ப்பாட்டியலின் இளமையும் பேதைமையும் ஒருங்கே நின்று நகையை விளைக்க, கடைசி நொடியில் மருட்கையும் வந்து சேர்கிறது.

இக்காலத்துக் கைப்பேசி விளம்பரங்களைக் காண்போர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். படத்தின் மேலும் கீழும் கரும்பட்டை இடுகின்றனர். நிழலை நீலமாக்கி முகத்தை ஆரஞ்சு ஆக்குகின்றனர். தேநீர் ஊற்றுவதையும் மெதுவோட்டத்தில் காட்டுகின்றனர். எங்கோ வாங்கிய இசை பொங்கி எழுகிறது. எழுந்த இசைக்கு ஏற்ற நிகழ்ச்சி படத்தில் இல்லை. இவை அனைத்தும் சேர்ந்தால் திரைப்படம் ஆகிவிடும் என்று எண்ணுகின்றனர். கவிதை எழுதத் தெரியாதவன் எதுகையை அடுக்குவது போன்றது இது.

படத்தின் தோற்றம் உயர்வதற்கு உண்மையில் வேண்டுவன சிலவே. அவற்றுள் பல, செலவு இல்லாதன. ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரவேண்டும். சன்னல் அருகே முகத்தைத் திருப்பி அமர்த்தி, மேல்விளக்கை அணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. திரைப்படம் நொடிக்கு 24 படம் என்னும் வழக்கில் வளர்ந்தது; ஒவ்வொரு படமும் ஏறத்தாழ நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் ஒளியை ஏற்கும்போது அசைவு இயல்பாய்க் குழைகிறது. நண்பகல் வெயிலில் கைப்பேசி தானாகவே அந்நேரத்தை மிகக் குறைத்துவிடும். அதனால் நடப்பவர் வெட்டிவெட்டி நடப்பது போல் தோன்றுவர். நிழலுக்குப் போவது அல்லது வில்லைமேல் கருங்கண்ணாடி இடுவது இதற்கு மருந்து. ஒளியளவைப் பூட்டிவைக்காவிடின், பேசிக்கொண்டிருக்கும் முகம் இடையிடையே வெளுத்தும் கறுத்தும் போகும். முகத்தருகே கைப்பேசியைக் கொண்டுசென்றால் மூக்கு பெருக்கும். பின்னே நகர்ந்து, தொலைவு காட்டும் வில்லையால் எடுப்பது நன்று.

சான் பேக்கர் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘டேஞ்சரின்’ முழுநீளப் படம் ஐபோன் 5எஸ் கருவிகளால் எடுக்கப்பெற்றது. அகலத்திரை வில்லை ஒன்றும், ஒளியளவைப் பூட்டும் செயலி ஒன்றும் துணைநின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வெயிலின் மஞ்சளை மங்கவைக்காமல், அதனை மேலும் ஏற்றிக் காட்டினார் பேக்கர். தெருவின் வெம்மையே படத்தின் நிறம் ஆயிற்று. ஆனால் ஒலியைக் கைப்பேசியிடம் அவர் விடவில்லை; அதற்குரிய கருவிகளைக் கொண்டே பதிவு செய்தார். மங்கலான படத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். வெற்றறையில் எதிரொலிக்கும் குரலைக் காது பொறுக்காது. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றும், சுவரில் தொங்கவிட்ட கம்பளி இரண்டும், விலை உயர்ந்த வில்லையினும் பயன்படுவன.

இவ்விடத்தில் இடர்ப்பாடு ஒன்று எழுகிறது. பயனீட்டாளர் படத்தை நிறுவனம் நாடுவது ஏன்? அது மெய்யாகத் தோன்றுவதனால். திருத்தம் மிகுந்தால் அம்மெய்ம்மை போய்விடும். டோரிட்டோஸ் போட்டியிலேயே இம்மாற்றம் படிப்படியாய் நிகழ்ந்தது. 2016-இல் ஒளிபரப்பான படம் ஒன்றில், தாய் வயிற்றில் இருக்கும் குழவி மருத்துவக் கருவியின் திரையில் தந்தையின் வறுவலுக்குத் தாவுகிறது. ஒளியிலும் நடிப்பிலும் தொகுப்பிலும் குறை காண முடியாத படம். அதனை எடுத்தவர் முன்னரே முழுநீளப் படம் இயக்கிய ஆஸ்திரேலியர். அவர்மேல் பிழை இல்லை. போட்டி யாவர்க்கும் திறந்தது. எனினும் பயனீட்டாளர் என்னும் சொல் அங்கே யாரைக் குறித்தது? ஆயிரக்கணக்கானோர் தம் உழைப்பை அனுப்பினர்; திரையில் வந்தவை ஒன்றிரண்டு. தொழில் கற்றவர் கைக்கே அவ்விடமும் போய்ச் சேருமாயின், அட்டைப் பெட்டியோடு வருபவனுக்கு அங்கே என்ன வேலை?

அக்குழவிப் படத்தையும் காலப்பொறிப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், பின்னதில் பெட்டியின் ஒட்டுகள் கோணலாய் இருப்பதைக் காண்பர். சிறுவன் ஒருவன் ஒட்டிய ஒட்டு அப்படித்தான் இருக்கும். பெரியவர் குனிந்து உள்ளே நுழையும்போது அவ்வட்டை வளைகிறது. அந்த வளைவைப் படத்திலிருந்து எவரும் வெட்டவில்லை.