கறளுக்கும் நிறம் உண்டு

யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் நண்பரொருவர் பிடித்த ஒரே கதவின் இரண்டு படங்கள் என் முன்னால் இருக்கின்றன. ஒன்று கறுப்பு வெள்ளை, மற்றது வண்ணம்.

கறுப்பு வெள்ளை அழகுதான். மரத்தின் வெடிப்பும் பிணைச்சலின் நிழலும் துல்லியமாகத் தெரிகின்றன. செதுக்கு வேலையைக் காட்ட அதுவே போதும். ஆனால் கறளின் செம்மையும் பெயின்றின் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. பார்த்தவரொருவர், "நூறு வருசப் பழசு போல" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

வண்ணப் படத்தில் உரிந்த பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே இன்னொரு பூச்சு. பெருநாள் வரும்போதெல்லாம் பூசியிருப்பார்கள். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட சனங்களின் தெரு அது. பிறகு பூச ஆளில்லை.

அமெரிக்கரான வோக்கர் எவன்ஸ் பல்லாண்டு கறுப்பு வெள்ளையில் உழைத்தவர். அவரே 1973இல் போலரொய்ட் கமராவோடு பழைய பெயர்ப்பலகைகளை வண்ணத்தில் பிடிக்கத் தொடங்கினார்.

பழம்பொருளென்றால் கறுப்பு வெள்ளைதான் என்ற பழக்கத்தை நாம் கேள்வி கேட்க வேண்டும். திகதியுள்ள இழப்பைத் திகதியில்லாத சோகமாக்கும் படம் எவ்வளவு நேர்த்தியானாலும் குறையுள்ளதே.