பெயரிடற்கரிய இசையும் குறியீட்டுப் பொருளும்

பரிசோதனை இசையைக் கேட்போர் அதனுள் குறியீட்டுப் பொருளைத் தேட வேண்டுமா என்னும் வினா, இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கும் உரியதாகும். புக்கிட் மெர்தாஜாமில் தமிழாசிரியர் சிலருடன் அமர்ந்து, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) என்னும் இசைத்தொகுப்பை நாம் கேட்டோம். இசை முடிந்ததும், “இஃது எதைக் குறிக்கிறது?” என்பதே முதலில் எழுந்த வினா. கிழக்கும் மேற்கும் ஒன்றாவதன் குறியீடு என்று பலரும் விடை கூறினர். வயலின் எவ்வாறு ஒலித்தது என்பதை எவரும் கூறவில்லை.

இப்பழக்கம் அகப்பாடல் பயிற்சியால் அமைந்தது எனலாம். மருதத்தில் மலரை மேயும் எருமை, பரத்தையை நாடும் தலைவனைச் சுட்டுகிறது. தொல்காப்பியம் கூறும் இவ்வுள்ளுறை, பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் பொதுவான திணைமரபு இருந்தமையால் விளங்கிற்று. இசைக்கும் அத்தகைய மரபு உண்டு. நெய்தலுக்குரிய விளரியாழ் இரங்கலை உணர்த்தியது. எனவே, இசையில் குறியீடு காண்பது தமிழ்மரபுக்குப் புறம்பானதன்று.

ஆயின், குறியீடு விளங்கப் பொதுமரபு வேண்டும். இவ்வூர்ச் செரோக் தோக் குன் கல்வெட்டின் எழுத்துகள் தேய்ந்திருப்பினும், அவற்றின் பின்னே ஒரு மொழி உண்டு. ஆதலின் அவற்றைப் படிக்க முயல்கிறோம். பரிசோதனை இசையோ பழகிய மரபினின்று விலகுவதையே தன் இயல்பாகக் கொண்டது.

தியாகராசருக்கும் பாஹுக்கும் உரிமையாக்கப்பட்ட இத்தொகுப்பில், ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதி ஈண்டு நோக்கத்தக்கது. பாஹின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையோடு இந்திய முறை வாசிப்பும் இதில் இணைகிறது. முன்னதில் ஒவ்வொரு சுரமும் தன் நிலையில் நின்று விரைகிறது. பின்னதில் சுரம் கமகத்தால் வளைந்து நெகிழ்கிறது. ஒரே கருவியில் நிகழும் இவ்வேறுபாடே இப்பகுதியின் உயிர். ‘கிழக்கு மேற்கு ஒற்றுமை’ என்னும் விளக்கம் ரவிசங்கரும் மெனுஹினும் இணைந்து 1967இல் வெளியிட்ட ‘வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்’ தொகுப்புக்கும் அப்படியே பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்தும் குறியீடு எதனையும் விளக்குவதில்லை.

பொருளை விலக்கினால் இசை வெறும் ஒலியாகிவிடாதா எனச் சிலர் வினவலாம். ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’ 1952இல் முதன்முதலாக அரங்கேறியபோது, டேவிட் டியூடர் பியானோவின் முன் அமர்ந்து ஒரு சுரமும் வாசிக்கவில்லை. அதனை வெறுமையின் குறியீடு என்போர், அவ்வேளையில் அரங்கைச் சூழ்ந்த ஒலிகளைச் செவிமடுக்கத் தவறுகின்றனர். கேஜ் வேண்டியதோ அச்செவிமடுத்தலையே. நம் மரபிலும் ஆளத்தி, பொருள் தரும் சொல்லின்றியே பண்ணை வளர்த்தது. அதனை யாரும் வெறுமை என்றதில்லை.

ஆகவே, குறியீட்டைத் தேடலாகாது என்பது நம் கருத்தன்று. அதனை முதலில் தேடலாகாது என்பதே. கூறப்படும் பொருளுக்கு, ஒலியில் இன்ன இடம் சான்று எனக் காட்ட இயலவேண்டும். வகுப்பறையில் “என்ன பொருள்?” என்பதற்கு முன் “என்ன கேட்டீர்கள்?” என வினவுவோமாயின், மாணவர்க்கு இசை மட்டுமன்றிக் கவிதையின் ஓசையும் மீண்டும் கேட்கத் தொடங்கும்.