திரைக்கதை மென்பொருளும் தமிழ்ப் பக்கக் கணக்கும்

'தேவர் மகன்' (1992) திரைக்கதையைக் கமல்ஹாசன் மூவி மேஜிக் என்னும் மென்பொருளில் எழுதினார். தமிழில் இவ்வகைக் கருவிக்கு அது முன்னோடி. இதுவும் ஃபைனல் டிராஃப்ட் போன்றவையும் பின்பற்றுவது ஹாலிவுட் தாள் முறையை: கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இக்கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தமிழில் 'ர'வும் 'ணொ'வும் ஒரே இடத்தில் அடங்குமா? வசனத்துக்கு நடுவில் விடப்படும் பத்தியோ குறுகியது. எங்கள் காரைக்குடிப் பக்கம் "வந்துக்கிட்டிருந்தாக" என்பார்கள். வாயில் ஒரு நொடி. தாளில் ஏறக்குறையப் பாதி வரி. பக்கம் கூடுவதைக் கண்டு, புதிதாக எழுதும் மாணவர் நல்ல வசனத்தை வெட்டிவிடுவார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து தப்பிப்போரும் உண்டு. அங்கே கறியும் கரியும் ஒன்றாகிவிடும்!

காட்சிகளுக்கு எண்ணிட, முன்பின்னாக மாற்ற, எந்தப் பாத்திரம் எங்கே வருகிறது எனப் பட்டியலிட இவை மிக நல்ல கருவிகள். படப்பிடிப்புத் திட்டத்துக்கு அப்பட்டியல் பெரிதும் உதவும். வசனத்தின் நீளத்தை அறிய மட்டும், கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து உரக்கப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.