எந்த அரளி?

நாற்றுப் பண்ணைகளில் செடியோடு தொங்கும் சீட்டுகளையும், தோட்டக்கலைக் கையேடுகளில் வரும் 'வறட்சி தாங்கும் பூச்செடிகள்' பட்டியலையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'அரளி: வறட்சி தாங்கும், அதிக நீர் வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த அரளி என்று அதில் இல்லை. எப்படித் தாங்குகிறது என்பதும் இல்லை. இரண்டுமே பெருங்குறைகள்தாம்.

முதலில் பெயர். நம் நாட்டில் அரளி, அலரி என்றால் செவ்வரளியாக இருக்கலாம், பொன்னரளியாக இருக்கலாம், ஈழத்தலரியாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னது ஈழத்துக்கு உரியதே அன்று. பொன்னரளியைப் போல அதுவும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. இம்மூன்றின் உறவினமான அடினியத்துக்கோ 'பாலைவன ரோஜா' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். ரோஜாக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பிரித்தறியப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். கணுவைப் பாருங்கள். ஒரு கணுவில் மும்மூன்றாகத் தடித்த நீள இலைகள் நின்றால் செவ்வரளி. 1753-இல் லின்னேயஸ் 'நீரியம் ஒலியாண்டர்' என்று பெயரிட்டது இதற்கே. ஒல்லியான இலைகள் ஒவ்வொன்றாக மாறி மாறி அமைந்து, கிள்ளினால் பால் வடிந்தால் பொன்னரளி. விரல் பருமனுக்கும் மேற்பட்ட கிளைகளின் நுனியில் மட்டும் அகன்ற இலைகள் கொத்தாக இருந்தால் ஈழத்தலரி. அடிமரம் குடம்போல் பருத்திருந்தால் அடினியம்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. செவ்வரளியிலும் பொன்னரளியிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு எல்லாப் பகுதிகளிலும் உண்டு. குழந்தை எதையாவது கடித்துவிட்டால், அந்தச் செடியின் கிளையொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பொன்னரளி நஞ்சுக்கு எதிர்ப்பொருள் மருந்து பலன் தரும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் காட்டியது. சீட்டில் 'நஞ்சு' என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இனி இரண்டாவது குறை. செவ்வரளி இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகள் உள்ளன. இலைத்துளைகள் அக்குழிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். குழியின் வாயை மென்மயிர்கள் மறைப்பதால் காய்ந்த காற்று உள்ளே வீசாது. நீராவியும் எளிதில் தப்பாது. இலையை மெல்லிய குறுக்குச் சீவலாக அறுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் நீங்களே காணலாம் (பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்). ஈழத்தலரியின் வழி வேறு; கோடையில் இலையையே உதிர்த்துவிடும். அடினியம் அடிமரத்தில் நீரைச் சேமிக்கிறது.

இந்த வேறுபாடு கடலூர் மாவட்டத்தில் நன்றாகப் புலப்படும். நெய்வேலி நகரியத்தின் செம்மண் நீரை விரைவில் வடித்துவிடுகிறது. சுரங்கத்துக்குள் நீர் பொங்காதிருக்க நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே சிக்கனமான செடிகளைத் தேடுவதில் நியாயம் உண்டு. ஆனால் இம்மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. 2015 வெள்ளத்தைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். மே மாத வெயிலைச் சிரித்துக்கொண்டே கடக்கும் அடினியம், நவம்பரில் வேரழுகிச் சாகிறது. நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கழனி ஓரம்போல் நீர் தேங்கும் இடத்தில் அதைத் தரையில் நட்டால் பிழைப்பது அரிது. பாதிக்குமேல் மணல் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் வைத்து, மழைக்காலத்தில் கூரைக்கடியில் நகர்த்துங்கள். பருத்த அடிமரம் வேண்டுமானால் விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது. கிளைத்துண்டில் வந்தவை அவ்வளவாகப் பருப்பதில்லை.

செவ்வரளிக்கு இத்தனை பாடு இல்லை. முற்றிய கிளைத்துண்டு போதும். ஆனால் 'நீர் வேண்டாம்' என்பதை நம்பி முதல் கோடையில் கைவிட்டுவிடாதீர்கள். வேர் ஆழம் போகும்வரை வாரம் இருமுறையாவது ஊற்றுங்கள். கவாத்து செய்த கழிகளை ஆடுமாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும்.