முதல் கை

சீனாவில் செம்மர மணி பிரேஸ்லெட் வாங்குகிற ரசிகர்கள் அதை உடனே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணியாக உருட்டித் தேய்க்கிறார்கள். பிறகு மணிகளுக்கு ஒரு வாரம் லீவு. நிழலில் சும்மா கிடக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெறும் கை. அதுவும் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த கை. உள்ளங்கை வியர்க்கிற ஆசாமி என்றால் அந்தப் பாக்கியம் இன்னும் தள்ளிப்போகும்.

குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. எண்ணெய், மெழுகு எதுவும் ஆகாது. முக்கியமாக, அவசரம் கூடவே கூடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படி உருட்டினால் மரத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெருகு ஏறும். அதற்கு 'பாவ்ஜியாங்' என்று பெயர். மெஷினில் ஏற்றும் பாலிஷை அவர்கள் மதிப்பதே இல்லை. காலமும் கையும் சேர்ந்து கொடுத்தால்தான் அது மெருகு.

சிரிப்பு வருகிறதா? சிரிக்காதீர்கள். பாட்டி கை பட்டுப் பட்டு மழமழப்பான மோர் மத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது இல்லையென்றால் கோயில் கதவின் பித்தளைக் குமிழ். கை படப் படப் பொருளுக்கு ஒரு முகம் வருகிறது என்பது நமக்கும் தெரிந்த சங்கதிதான். நாம் அதற்கு விதிமுறை எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

பௌத்த ஜபமாலைக்கு 108 மணி. மனிதனின் ஆசாபாசங்கள் 108 என்று ஒரு கணக்கு. மணிக்கு ஒன்றாகத் தள்ளிவிட வேண்டும். அந்த மாலை குறுகி மணிக்கட்டுக்கு வந்தது. பெரிய மணியாக இருந்தால் பன்னிரண்டே போதும். ஜபம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால், 2010-களில் சீன நகரங்களில் பரவிய மோகத்தில் எண்ணுகிறவர்களைவிட உருட்டுகிறவர்களே அதிகம். படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு வரிசையில் இதற்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது. வால்நட் கொட்டை இரண்டைக் கைக்குள் சுழற்றுவார்களே, அந்த வரிசை.

கடவுளை எண்ணாவிட்டால் அது ஆன்மிகமா என்று நான் சண்டைக்கு வரப் போவதில்லை. தினமும் அரை மணி நேரம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, சுத்தமான கையோடு, பலனை அவசரப்படுத்தாமல் ஒரு வேலையைச் செய்வது லேசான காரியம் இல்லை. அது தியானத்துக்குப் பக்கத்து வீடுதான். இந்தப் பராமரிப்புக் கலையில் என் புகார் வேறு இடத்தில் இருக்கிறது.

மணியை வாங்கும்போது அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நம்மூர் நகை ஆசாரி தோற்றுவிடுவார். மரத்தின் நுண்துளைகளில் தங்கப்பொடி தூவியது போலப் புள்ளி தெரிகிறதா? மாட்டு ரோமம் போல நெளிந்த இழை ஓடுகிறதா? வெள்ளைத் தாளில் கிழித்தால் சிவப்புக் கோடு விழுகிறதா? துண்டைத் தண்ணீரில் போட்டால் முழுகுகிறதா? நல்ல செம்மரம் தண்ணீரைவிடக் கனம், மிதக்காது. அதன் சிவப்புச் சாயம் தண்ணீரில் சுலபமாக இறங்காது. சாராயத்தில் போட்டால் புகை மாதிரி இறங்கும். இத்தனை பரீட்சையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான்: இது அசலா, போலியா? இந்தக் கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது, யார் வெட்டியது என்பது கேள்வித்தாளிலேயே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சீனர்கள் 'சின்ன இலை ஸிதான்' என்று கொண்டாடுவது நம் செம்மரம், அதாவது செஞ்சந்தனம். தாவரவியலில் டெரோகார்ப்பஸ் சான்டலைனஸ். பெயரில் சந்தனம் இருக்கிறதே தவிர, சந்தன வாசனை கிடையாது. இது இயற்கையாக விளைவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில். ஆந்திரத்தில் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளும் அவற்றை ஒட்டிய கொஞ்சம் காடும்தான். ஏழுமலையான் குடியிருக்கும் அதே மலைத்தொடர். சிங் வம்சத்துப் பேரரசர்கள் ஸிதானில் சிம்மாசனமும் மேஜையும் செய்து கொண்டார்கள். ஜப்பானில் உயர்ந்த ரக சாமிசென் வாத்தியத்தின் கழுத்து இந்த மரத்தில்தான்.

மரம் மெதுவாக வளரும். வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். போதாததற்கு உள்ளே பொள்ளலும் இருக்கும். பத்து ஸிதானில் ஒன்பது காலி என்று சீனத்திலேயே ஒரு வசனம் உண்டு.

சின்னக் கணக்கு ஒன்று. 20 மில்லிமீட்டர் மணியைக் கடைய குறைந்தபட்சம் அதே அளவு கனசதுரக் கட்டை வேண்டும். உருண்டையாக்கினால் மிஞ்சுவது 52 சதவிகிதம். நூல் கோக்கத் துளை போட்டால் அதிலும் கொஞ்சம் போகும். ஆக, பாதி மரம் தூள். கையுறை போட்டு ஒரு தூசு படாமல் காப்பாற்றும் மணிக்குப் பின்னால், அதே எடைக்கு ஒரு குவியல் தூசு கிடக்கிறது.

தூசோடு போனால் பரவாயில்லை.

2015 ஏப்ரல் 7-ம் தேதி. சேஷாசலம் காட்டில், ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பலர் மலைக் கிராமத்து ஆட்கள். கோடரி பிடிக்கத் தெரியும், ஊரில் கூலி கிடைக்காது என்பதைத் தவிர இந்த வியாபாரத்தில் அவர்களுக்கு வேறு முதலீடு இல்லை. கும்பலாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முன்பே பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம்வரை போனது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் தமிழ்நாட்டு ஆட்கள்தான்.

'புஷ்பா' பார்த்துவிட்டு செம்மரம் என்றாலே தோளைத் தூக்கி நடக்கும் நாயகன்தான் நினைவுக்கு வருகிறான். நிஜத்தில் தோள் தூக்கியவன் யாரும் அந்த ஏரியில் மிதக்கவில்லை. தோளில் கட்டை தூக்கியவன்தான் மிதந்தான்.

இப்போது அந்தப் பராமரிப்பு விதிகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். வியர்வை படக் கூடாது. மணியின் வாழ்க்கையில் முதன்முதலாகப் பட்டதே வியர்வைதானே? காட்டில் ராத்திரி பயந்து பயந்து வெட்டியவனின் வியர்வை. அழுக்குக் கை ஆகாது என்கிற விதி, முதல் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அக்கறையெல்லாம் மணி நம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. உருட்ட உருட்ட அது 'என் மணி' ஆகிறது. முந்தைய கதை மெருகுக்கு அடியில் போய்விடுகிறது. இதுதான் என் புகார். பொறுமையையும் சுத்தத்தையும் இவ்வளவு அழகாகக் கற்றுக்கொடுக்கும் ஒரு கலை, விசாரிப்பதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். சீனாவில் உருளும் ஒவ்வொரு மணியும் திருட்டு மரம் என்று சொல்ல முடியாது. பிடிபட்ட கட்டைகளை ஆந்திர அரசே ஏலம் விட்டிருக்கிறது. பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் மத்திய அரசு வழிவிட்டது. வனவிலங்கு, தாவர வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்த மரம் 1995 முதல் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஆக, நேர்வழியும் உண்டு, அதற்குக் காகிதமும் உண்டு. பாவ்ஜியாங்குக்காக மூன்று வருஷம் காத்திருக்கத் தெரிந்தவருக்கு, அந்தக் காகிதத்தைக் கேட்க மூன்று நிமிஷம் இருக்காதா?

விலை ஏறியதும் போலியும் வந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரம் ஒன்று செம்மரம் என்ற பெயரில் கடைக்கு வர, அங்கும் காடு காலியாக ஆரம்பித்து, 2019-ல் அதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. போலி மணிக்கும் ஒரு காடு செலவாகிறது பாருங்கள்.

சீனாக்காரன் சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இரண்டு மூன்று வருஷமாக நம் தெருவில் பத்து பேரில் ஒருவர் கழுத்திலாவது கருங்காலி மாலை தெரிகிறது. எந்த நாளில் போடுவது, எதில் கழுவுவது, அசைவம் சாப்பிடும்போது கழற்றலாமா என்று எவ்வளவோ சந்தேகம் கேட்கிறோம். கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்கிறார். கருங்காலியும் மெதுவாக வளரும் மரம்தான். இத்தனை மாலைக்கு மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்களேன். அவர் முகம் போகிற போக்கே பாதி பதில்.

எல்லா மணிக்கும் காடு வேண்டும் என்பதில்லை. துளசி மணியைச் செடி காய்ந்த பிறகு தண்டைச் சீவிச் செய்கிறார்கள். உருத்திராட்சம் உதிர்ந்த பழத்தின் கொட்டை. ஜபத்துக்கு இவை எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. மரம்தான் வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள். தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய மாலை இருந்தால் நூல் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செம்மர மணி போட்டிருக்கிறீர்களா? கழற்றி எறிவதால் எந்த மரமும் முளைக்கப் போவதில்லை. போட்டுக்கொள்ளுங்கள், தினமும் உருட்டுங்கள். உருட்டும்போது அதை முதலில் தொட்டவனையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால், எண்ணாமல் விட்ட ஜபத்துக்கு ஈடாக இருக்கும்.