ஜன்னலோரத்து ரொட்டி

வீட்டில் சுட்ட ரொட்டியைப் படம் எடுக்கச் சமையலறையில் நல்ல இடம் ஒன்றுதான்: ஜன்னலை ஒட்டிய மேடை. எடுக்கும் முன் அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மஞ்சள் பல்பின் ஒளி 2,700 கெல்வின் அளவில் இருக்கும். பகலொளி 5,500-ஐ ஒட்டியும் அதற்கு மேலும். இரண்டும் ஒரே ரொட்டியின் மேல் விழுந்தால் ஒரு பக்கம் மஞ்சள் பூசியும் மறுபக்கம் நீலம் பாய்ந்தும் நிற்கும். விளக்கை அணைத்ததும் ரொட்டிக்கு அதன் சொந்த நிறம் வந்துவிடுகிறது.

அந்த நிறத்தை நின்று பார்க்க வேண்டும். பழுப்பு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். கீறிவிட்ட மாவு பிளந்து, தூக்கி நிற்கும் விளிம்பைக் காது என்பார்கள். அது கருகலின் எல்லையைத் தொட்டிருக்கும். அதையடுத்துச் செம்மண், பிறகு தேன், பக்கவாட்டில் வைக்கோல், பிளவுக்குள்ளே வெளிறிய தந்தம். மாவிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது விறுவிறுவென்று வினைபுரிந்து தரும் நிறம் இது. 1912-இல் லூயி காமிய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை. காது மெல்லியது, ஈரம் முதலில் வற்றுவது அங்கேதான்; அதனால் அதிகம் கறுக்கிறது. பிளவின் உட்புறம் பிந்தி வெளியே வந்தது. அதனால் வெளுத்து நிற்கிறது. ஓவனுக்குள் எது முன்னே, எது பின்னே நடந்தது என்பதை நல்ல படத்தில் நிறத்தை வைத்தே படித்துவிடலாம்.

போனின் ஃபிளாஷ் இத்தனையையும் தட்டையாக்கிவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து வழிந்து வர வேண்டும். அப்போதுதான் மேல்தோலில் பூத்த பொடிக் கொப்புளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிழல் கிடைக்கிறது. பிரம்புக் கூடையில் பொங்கவைத்தபோது ஒட்டிய அரிசிமாவு வளையம் வளையமாக எழுந்து தெரிகிறது. யோஹானஸ் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்த, பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அதிலும் இடப்பக்கம் ஜன்னல், மேசைமேல் ரொட்டி. ரொட்டியின் மேல்தோலில் ஒளி தொட்ட இடங்களைச் சின்னச் சின்ன வெளிர் புள்ளிகளாக வைத்திருக்கிறார். கேமரா பிறப்பதற்கு நெடுங்காலம் முந்தைய படம். ரொட்டியை எடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

முட்டை பூசிச் சுட்ட பன்னின் அழகு வேறு வகை. மஞ்சள்கரு நிறத்தைக் கூட்டும், வெள்ளைக்கரு மினுக்கைத் தரும். அந்த மினுக்கில் ஜன்னலே விழுந்திருக்கும். உற்றுப் பார்த்தால் நம் வீட்டு ஜன்னல் கம்பிகள்கூட பன்னின் உச்சியில் வளைந்து தெரியும். வெளிச்சம் கூசினால் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினால் போதும், மினுக்கு இளகிப் பரவும். ஆனால் அந்தக் கம்பி நிழலை முழுக்கக் கரைத்துவிட எனக்கு மனம் வராது. கடையில் வாங்கிய பன்னில் அது கிடைக்காது.

தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்பவர்களுக்குச் சோதனை அதன் வெண்மை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி; அவ்வளவுதான். சட்டகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறத்துக்கு இறக்கிவிடும். போன் திரையில் மக்ரூனைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். ரொட்டியின் நிழல் பக்கத்தில் வெள்ளை அட்டை வைத்து ஒளியைத் திருப்புவது வழக்கம். மக்ரூனுக்கு அது ஆகாது, கறுப்பு அட்டைதான். சுழித்துப் பிழிந்த கூம்பின் மடிப்புகளில் இருள் இருந்தால்தான் நுனிவரை ஏறும் அந்தச் சுழி கண்ணுக்குத் தெரியும்.

ரொட்டியை வெட்டிக் காட்டுவதானால் ஆற விட வேண்டும். சூட்டில் வெட்டினால் ஸ்டார்ச் இறுகியிருக்காது; கத்தி இழுத்த தடம் பிசினாகத் தெரியும். ஆறியதை வெட்டி ஜன்னலுக்குக் குறுக்கே வைத்தால் உள்ளே இருக்கும் துளைகளின் சுவர்கள் மெழுகுபோல் மின்னும், மிக மெல்லியவற்றில் ஒளி ஊடுருவும். வெட்டும்போது பலகையில் சிதறிய துகள்களைத் துடைத்துவிட்டுப் படம் எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அவை வேண்டும். தோல் மொறுமொறுவென்று உடைந்தது என்பதற்குப் படத்தில் வேறு சாட்சி இல்லை.